வெளிச் சாமான் மாட்டிய வண்டியும் வாரண்டியும்: மாட்டும் முன் பார்க்க வேண்டியது, பழுதானால் செய்ய வேண்டியது

2021-ல் வாங்கிய என் ஹேட்ச்பேக்கில் நான்காம் மாதமே ஹெட்லைட் பல்பை மாற்றினேன். எனக்கு இரவு ஓட்டம் அதிகம், கம்பெனி கொடுத்த வெளிச்சம் போதவில்லை. ஊரில் ஒரு அக்சஸரீஸ் கடையில் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பு போட்டார்கள். கீழே ஒரு ஜோடி ஃபாக் லைட்டும் மாட்டினார்கள். முக்கால் மணி நேர வேலை. "ரிலே வேண்டாமாண்ணே?" என்று கேட்டேன். விளக்கின் கனமான மின்சாரத்தைச் சுவிட்ச் வழியாக விடாமல் பேட்டரியிலிருந்து நேரே கொடுக்கும் சின்ன மின்சுவிட்ச் அது. "இந்த வண்டிக்கு அதெல்லாம் தேவையில்ல தம்பி, டைரக்டாவே தாங்கும்" என்றார் எலக்ட்ரீஷியன். நானும் தலையாட்டினேன். பில்லும் வாங்கவில்லை.

பதினோரு மாதம் கழித்து ஒரே வாரத்தில் இரண்டு பழுது. இடது ஹெட்லைட் அணைந்தது. இரண்டு நாளில் ஸ்டியரிங் கல் மாதிரி கனத்து, டேஷ்போர்டில் ஈ.பி.எஸ். (ஸ்டியரிங்கை லேசாக்கும் மின்மோட்டார் அமைப்பு) விளக்கு எரிந்தது. பானெட்டைத் திறந்து பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியை விலக்கினேன். கருகிய பிளாஸ்டிக் வாடை. ஹோல்டர் உருகி, பல்பின் மூன்று கால்களில் ஒன்றோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

சர்வீஸ் சென்டரில் அட்வைசர் ஃபாக் லைட் வயரை விரலால் இழுத்துப் பார்த்தார். கருப்பு டேப் இன்ஜின் சூட்டில் இளகி, பசை தார் போல அவர் விரலில் ஒட்டியது. உள்ளே கம்பெனி வயரின் தோலைச் சீவி, வெளி வயரை வெறுமனே முறுக்கிச் சுற்றியிருந்தார்கள். "வயர் கட் பண்ணியிருக்கீங்க சார். எலக்ட்ரிக்கல் வாரண்டி மொத்தமும் போச்சு" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஹோல்டர் உருகியதற்கு நான் போட்ட பல்புதான் காரணம், அதற்கு வாரண்டி கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் ஸ்டியரிங் மோட்டாரின் மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாகப் போகிறது. ஹெட்லைட் வயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாற்பது நாள் கடிதம் எழுதி அந்தப் பாகத்தை வாரண்டியில் வாங்கினேன். அந்த நாற்பது நாளில் கற்றதையும், அதற்குப் பிறகு நண்பர்களின் வண்டிகளுக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எந்த மாற்றம் எந்தப் பாகத்தைக் கெடுத்தது? வாரண்டிச் சண்டை எல்லாமே இந்தக் கேள்வியில் போய் நிற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்சியை முன்கூட்டியே சேர்த்து வைத்திருப்பவர் ஜெயிக்கிறார்.

முதல் படி: வாரண்டிப் பக்கத்தைப் படியுங்கள்

கையேட்டின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகின்றன, ஆனால் இரண்டு வகை வாசகங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "மாற்றம் செய்ததால் ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி பொருந்தாது" என்பது ஒன்று. "மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு வாரண்டி பொருந்தாது" என்பது இன்னொன்று. முதலாவதில் காரணம் காட்ட வேண்டிய சுமை அவர்கள் பக்கம் சாய்கிறது. இரண்டாவது அகலமாக வலை வீசுகிறது. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நீட்டித்த வாரண்டி தனியாக வாங்கியிருந்தால் அதற்குத் தனி நிபந்தனைத் தாள் உண்டு. சில சமயம் அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், நிபந்தனையும் இன்னும் கடுமையாக இருக்கும்.

மனதில் இருக்கும் மாற்றத்தைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். "இந்த மாடலில் இந்த அளவு டயர் போடலாமா, சஸ்பென்ஷன் வாரண்டி நிற்குமா?" என்று இரண்டு வரி போதும். பெரும்பாலும் "பரிந்துரைப்பதில்லை" என்றுதான் பதில் வரும். பரவாயில்லை, எழுத்தில் வந்த பதில் எதுவானாலும் நல்லது. ஷோரூமில் வாயால் சொல்லும் "பண்ணிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்பதை நம்பி எதையும் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: சட்டம் எதை விடுகிறது என்று பாருங்கள்

வாரண்டி ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவு 'மாற்றம்' என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமாக உறுமும் சைலன்சருக்கு 190-வது பிரிவு இருக்கிறது. முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்; லைசென்ஸுக்கும் மூன்று மாதத் தடை.

சீட் கவர், மியூசிக் சிஸ்டம், கேமரா எல்லாம் இந்த வலையில் வராது. இன்ஜின் மாற்றுவது, சேஸை நீட்டுவது, உடலமைப்பை மாற்றுவது வரும். சி.என்.ஜி. கிட், நிறம் மாற்றுவது போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளும் வழி உண்டு. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டை எதிர்த்து மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டது. கார்டு இருந்தால், மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டிய பகுதி நசுங்காது. ஏர்பேக் சென்சாருக்குப் போக வேண்டிய அடியும் வேறு மாதிரி போகும். அழகுக்காகக்கூட இதை மாட்டாதீர்கள் என்பதை நான் கெஞ்சியே சொல்வேன்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிச் சொல்லுங்கள். வெளியில் மாட்டிய எலக்ட்ரிக்கல் சாமானுக்கும் சி.என்.ஜி. கிட்டுக்கும் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் சேர்க்கும் ஏற்பாடு இருக்கிறது. சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அங்கேயும் ஒரு சண்டை காத்திருக்கும்.

மூன்றாம் படி: எந்த மாற்றம் எதைக் கெடுக்கும்

வயரிங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறந்தன. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு 8.3 ஆம்பியர். வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் வயர் இணைப்பில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏறும். கணக்குப் போட்டால் ஹோல்டரில் சூடு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. என் ஹோல்டர் பதினோரு மாதம் தாங்கியதே அதிகம். இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்றால் 15 ஆம்பியரை எடுத்துவிட்டு 30 சொருகிவிடுவார்கள். எரிய வேண்டிய ஃபியூஸ் எரியாமல் நிற்கும், அதற்குப் பதிலாக வயர் எரியும்.

இப்போதைய கார்களில் விளக்கு, ஹாரன், பவர் விண்டோ எல்லாம் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் பெட்டியின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. சில வண்டிகளில் அந்தப் பெட்டியே விளக்குக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கிறது. அந்த வயரில் கூடுதல் சுமை ஏற்றினால் பெட்டியின் உள்ளே இருக்கும் சில்லு போகும். விலை பல ஆயிரங்களில். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ரிமோட் லாக் போன்றவை வண்டி அணைந்த பிறகும் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தால், நான்கு நாள் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது. மல்ட்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம்: வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால் ஏதோ ஒன்று தூங்காமல் இருக்கிறது.

பைக்கில் இது இன்னும் கூர்மை. ஸ்டேட்டர் காயில் உற்பத்தி செய்யும் மின்சாரமே கொஞ்சம். அதில் 40 வாட் விளக்கு இரண்டைக் கூடுதலாக ஏற்றினால் பேட்டரி சார்ஜ் ஏறாது. உயரமான ஹேண்டில்பார் மாற்றும்போது கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் வயரிங்கும் இழுபடுகின்றனவா என்று, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஹாரன் தானாக அடித்தால் வயர் எங்கோ நசுங்குகிறது.

அடுத்து டயர். மொத்த விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் மாறக் கூடாது என்பது பொதுவான வரையறை. வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போடலாம். 165/80 ஆர்14 என்றால் ரிம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. பக்கச்சுவர் 165-ல் 80 சதவீதம், 132 மி.மீ. அது மேலும் கீழும் இரண்டு முறை வரும். கூட்டினால் 619.6. இதற்குப் பதில் 185/65 ஆர்15 போட்டால் 621.5, வித்தியாசமே இல்லை. 195/65 ஆர்15 போட்டால் 634.5, அதாவது 2.4 சதவீதம் கூடுதல், விளிம்பில் நிற்கிறது. 205/65 ஆர்15 போட்டால் 647.5, நாலரை சதவீதம். ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும், ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் வீல் ஆர்ச்சில் உரசும், கியருக்கும் கிளட்ச்சுக்கும் வேலை கூடும்.

விட்டம் சரியாக இருந்தாலும் அலாய் வீலின் ஆஃப்செட் (வீல் போல்ட் ஏறும் தளம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) தவறினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வீல் பேரிங் மீது நெம்புகோல் போட்ட மாதிரி சுமை விழும். மாட்டிய சில மாதங்களில் 'ஊ' என்ற ரீங்காரம் வேகத்தோடு ஏறினால் பேரிங் போகிறது. வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தகடு வைத்து அகலப்படுத்துவதும் அதே வேலையைத்தான் செய்யும். சஸ்பென்ஷனை இறக்கினாலும் ஏற்றினாலும் ஆக்ஸில் சாய்வு மாறி, அதைச் சக்கரத்தோடு சேர்க்கும் சி.வி. ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஸ்பிரிங்கை அறுத்து இறக்குவதைப் பற்றி எழுதவே மனமில்லை, அதைச் செய்யாதீர்கள்.

இன்ஜின் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. டர்போ டீசல் காரில் ரீமேப் செய்தால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதினால், இழுவை கூடும், உண்மைதான். கூடிய இழுவை முதலில் கிளட்ச்சிடமும் இரட்டை ஃப்ளைவீலிடமும் போய் நிற்கிறது. டர்போவுக்கும் இன்ஜெக்டருக்கும் கம்பெனி வைத்திருந்த இடைவெளி சுருங்குகிறது. "சர்வீஸுக்கு விடும் முன் ஒரிஜினல் மேப்பைத் திருப்பிப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது" என்று ட்யூனர்கள் சொல்வதுண்டு. இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு ஓர் அடையாள எண்ணும், அதைச் சரிபார்க்கும் எண்ணும் உண்டு. மேப் மாறினால் சரிபார்ப்பு எண்ணும் மாறும். பல வண்டிகளில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கும் உள்ளே பதிந்திருக்கும். ட்யூனிங் பாக்ஸ் என்று தனியாக வரும் பெட்டி, எரிபொருள் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது. கழற்றினால் பெட்டியின் தடயம் இருக்காது, ஆனால் அதிக அழுத்தத்தில் ஓடிய இன்ஜெக்டர் அப்படியேதான் இருக்கும். ரீமேப் செய்த வண்டியில் கிளட்ச், டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் இவற்றின் வாரண்டியைக் கைகழுவிவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை ஒதுக்கி வைக்க முடியுமானால் செய்யுங்கள், இல்லையென்றால் வாரண்டி முடியும்வரை பொறுங்கள்.

எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டால் அந்த எண்ணெய் காற்று அளக்கும் சென்சாரில் படிந்து பிக்கப் குறையலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்தெடுத்த சைலன்சர் பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது, செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சைடு ஏர்பேக் உள்ள சீட்டுக்குச் சாதாரண கவர் போடாதீர்கள். ஏர்பேக் கிழித்து வெளிவரும் தையல் மூடிப்போகும்.

நான்காம் படி: வேலை நடக்கும் நாளில்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும், வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கம்பெனி வயரை வெட்டாம பண்ண முடியுமா?" கப்ளரோடு கப்ளர் (சொருகும் இணைப்பு) சேரும் ரெடிமேட் வயரிங் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடுதல். ஒரு வயரைக்கூட சீவாமல் மாட்டி, நாளை அப்படியே கழற்றி எடுத்துவிடலாம். கூடுதல் விளக்கு என்றால் மின்சாரம் நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டும், பேட்டரிக்கு ஓரடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், நடுவில் ரிலே இருக்க வேண்டும். கம்பெனி சுவிட்ச்சின் வயர் ரிலேயை உசுப்ப மட்டும் பயன்பட வேண்டும். வயர்கள் கூர்மையான தகரத்திலும் சைலன்சர் பக்கத்திலும் படாமல் நெளிவுக்குழாய்க்குள் போக வேண்டும்.

மாட்டும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கையும் சேர்த்து எடுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், அதில் பொருளின் பெயர், மாடல், உங்கள் வண்டி எண் மூன்றும் இருக்கட்டும். பில் கொடுக்காத கடையில் ஐந்நூறு ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் அவர் மாட்டிய பொருள் உங்கள் வண்டியைக் கெடுத்தால் யாரைக் கேட்பீர்கள்? கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கடையில் விட்டுவராதீர்கள். என் பழைய பல்புகளை எலக்ட்ரீஷியன் டப்பாவில் போட்டுக்கொண்டதை அப்போது நான் கவனிக்கவே இல்லை.

ஷோரூமே மாட்டிக்கொடுத்தால்

இதில் ஏமாறுபவர்கள் அதிகம், அதனால் தனியாகச் சொல்கிறேன். டெலிவரிக்கு முன் "பேசிக் கிட் போட்டுத் தர்றோம் சார்" என்று ஃபாக் லைட், ரிவர்ஸ் கேமரா, ஹாரன், அண்டர்கோட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு தொகை வாங்குவார்கள். வாங்குபவர் அது கம்பெனிச் சாமான் என்றே நம்புகிறார். பல சமயம் அது வெளியிலிருந்து வந்த பொருள், மாட்டுபவரும் வெளியாள். இரண்டு வருடம் கழித்து வயரிங் பிரச்சினை வந்தால் "கம்பெனி அக்சஸரி இல்லை" என்ற பதில் அதே ஷோரூமிலிருந்து வரும்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு பொருளுக்கும் கம்பெனி பார்ட் நம்பர் கேளுங்கள். அது ஷோரூம் இன்வாய்ஸில் அச்சாக வேண்டும். பார்ட் நம்பர் இல்லாத பொருளானால் "மாட்டியது நாங்கள், இதனால் வாரண்டிக்குப் பாதிப்பில்லை" என்று ஷோரூம் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுத்தால், அந்தப் பொருளை மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்வாய்ஸில் அந்தப் பொருளுக்குப் பணம் வாங்கிய கணக்கு இருந்தால், மாட்டிய வேலையின் குறைக்கு ஷோரூமே பொறுப்பு என்று வாதாட அது போதும்.

ஐந்தாம் படி: பழுது வந்துவிட்டது

எதையும் கழற்றாதீர்கள். முதலில் தோன்றும் எண்ணம், வெளிச் சாமானைக் கழற்றிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி போவது. வயரில் வெட்டுத் தழும்பு இருக்கும், ஹோல்டரில் கருகல் இருக்கும், போல்ட் தலையில் புது ஸ்பானர் கீறல் இருக்கும். மறைத்தது தெரிந்துவிட்டால், நியாயமான மற்ற கிளெய்மும் சேர்ந்து போகும். நாளை நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

எச்சரிக்கை விளக்கு சிவப்பில் எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள், டோ செய்து கொண்டுபோங்கள். "விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினார்" என்பதும் மறுப்புக்கு ஒரு காரணமாகிவிடும். டேஷ்போர்டு விளக்கை வீடியோ எடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பழுதைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்குள் கிடைக்கும், புளூடூத்தில் போனோடு சேரும். அதில் பழுது எண்ணையும், பழுது வந்த நொடியில் இன்ஜின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்ற பதிவையும் படம் எடுத்து வையுங்கள். பழுது எண்ணை அழித்தால் இந்தப் பதிவும் அழியும், பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலே அழிந்துவிடும். ஆகவே "பேட்டரியைக் கழட்டி மாட்டிப் பாருங்க" என்ற அறிவுரையைக் கேட்காதீர்கள்.

நான் அன்று செய்த ஒரு நல்ல காரியம், இன்ஜின் ஓடும்போது எல்லா விளக்கையும் போட்டு பேட்டரி வோல்ட்டேஜை அளந்து வீடியோ எடுத்தது. 14.1 காட்டியது. உங்கள் ஃபாக் லைட் மின்சாரத்தை இழுத்ததால்தான் ஸ்டியரிங்குக்குப் போதவில்லை என்று சர்வீஸ் சென்டரில் பிற்பாடு சொன்னபோது, அந்தப் பத்து நொடி வீடியோதான் பேசியது.

ஆறாம் படி: சர்வீஸ் சென்டரில்

அட்வைசரைத் திட்டாதீர்கள். அவர் நிலையைப் புரிந்துகொண்டால் பேச்சு எளிதாகும். வாரண்டியில் பாகம் மாற்றினால் ஷோரூம் அதன் பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். கெட்டுப்போன பாகத்தைக் கம்பெனி திருப்பி வாங்கிச் சோதிக்கலாம். கிளெய்ம் தள்ளுபடியானால் நஷ்டம் ஷோரூமுக்கு. அதனால் வெளிச் சாமானைக் கண்டதும் மறுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பான வழி. முடிவெடுக்கும் அதிகாரம் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் இருக்கிறது. அவர் வண்டியை நேரில் பார்க்கும்படி கேளுங்கள்.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் பின்னால் சாட்சி. "வெளி வயரிங் காரணமாகப் பழுது" என்று பார்க்காமலே எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "ஸ்டியரிங் கனமாக உள்ளது, ஈ.பி.எஸ். விளக்கு எரிகிறது" என்று அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாகத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குக் கூலி எவ்வளவு, வாரண்டி இல்லையென்று முடிவானால் யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். பிரித்த பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்றும் எழுதுங்கள்.

மறுத்தால், வீட்டுக்கு வந்து அன்று இரவே மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்பியதில் சாரம் இவ்வளவுதான்:

"என் வண்டியில் ஹெட்லைட் பல்பும் ஃபாக் லைட்டும் வெளியில் மாட்டியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெட்லைட் ஹோல்டருக்கு வாரண்டி கேட்கவில்லை. ஈ.பி.எஸ். பாகத்தில் என்ன பழுது கண்டீர்கள், அதை இந்த மாற்றம் எப்படி உண்டாக்கியது, வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

நம் தவறை நாமே முதல் வரியில் ஒப்புக்கொண்டால் மிச்சத்துக்கு எடை கூடும். மூன்றாவது வாரம் ஏரியா மேனேஜர் வந்தார், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார், ஸ்டியரிங்கின் சர்க்கியூட்டில் யாரும் கை வைக்கவில்லை என்று அவரே சொன்னார். ஸ்டியரிங்கைத் திருப்பும் விசையை அளக்கும் டார்க் சென்சார் பழுது. ஸ்டியரிங் தண்டுத் தொகுதியையே மாற்றித் தந்தார்கள். ஹெட்லைட் வயரிங்குக்கு நான் பணம் கட்டினேன்.

ஏழாம் படி: அங்கும் கதவு அடைத்தால்

இணையத்தில் தேடினால் "பழுதுக்கு மாற்றம்தான் காரணம் என்று டீலர்தான் நிரூபிக்க வேண்டும்" என்று நிறைய எழுதியிருக்கும். அது 1975-ல் அமெரிக்காவில் வந்த மேக்னசன்–மாஸ் சட்டத்தை வைத்து எழுதியது. நம் ஊர் சர்வீஸ் சென்டரில் அதைச் சொல்லிப் பயனில்லை.

இங்கே எடுத்துக்காட்டக் கூடியது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பிறப்பித்த ஆணை. உதிரி பாக வியாபாரத்தில் போட்டியைத் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணை அது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்று அதில் சொன்னது. அந்த ஆணை மேல்முறையீடுகளுக்குப் போனது, அது பேசியதும் பழுதுபார்ப்பைப் பற்றித்தான். ஆனாலும் சேதத்துக்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் உங்கள் கடிதத்தில் இடம்பெறத் தக்கது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பல பிரச்சினைகள் அங்கேயே கம்பெனியின் மேலதிகாரி கண்ணில் பட்டு முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்கு என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்; ஒன்றை விட்டால் மற்றது அதைக் கை காட்டித் தப்பிக்கும்.

தயாரிப்புக் குறை என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்படி ஆணையத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. அதற்காகத்தான் பிரித்த பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாது என்று எழுதி வாங்கச் சொன்னேன். உரிமம் பெற்ற சர்வேயரிடமோ ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரிடமோ வண்டியைக் காட்டி அறிக்கை வாங்கினாலும் கை பலப்படும். பழுதால் உயிருக்கோ உடலுக்கோ பொருளுக்கோ சேதம் நடந்து இழப்பீடு கேட்கும் வழக்கு வேறு. அந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று அதே சட்டத்தின் 87-வது பிரிவு சொல்கிறது.

ரீமேப் செய்த காரின் கிளட்ச், ரிலே இல்லாமல் எரிந்த வயரிங், ஸ்பேசர் போட்ட சக்கரத்தின் பேரிங் இவற்றுக்கெல்லாம் வழக்குப் போடச் சொல்லி என்னிடம் வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அலைச்சல்தான் மிஞ்சும். அந்தப் பாகத்தை வெளியில் சரிசெய்துகொண்டு, பில்லை வைத்துக்கொண்டு, மற்ற பாகங்களின் வாரண்டி தொடர்கிறது என்று கம்பெனியிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

வழக்குப் போட இரண்டு வருடக் கெடு. வாரண்டியை மறுத்த மின்னஞ்சலின் தேதியைக் காலண்டரில் குறித்து, அன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நடுவில் "பரிசீலனையில் உள்ளது" என்று எத்தனை பதில் வந்தாலும், அதை நம்பி அந்தத் தேதியைத் தாண்டவிடாதீர்கள்.